பிரம்ம முகூர்த்தமும் பின்னிரவு விளக்கும்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், சித்தூரைக் கடந்ததும் வருகின்ற சந்திப்பு பாகாலா. இங்கிருந்து ஒரு பாதை கதிரி வழியாகத் தர்மாவரத்தை நோக்கிப் பிரிகிறது. திருமலைக்குச் செல்லும் தமிழக அன்பர்களில் பலர் இந்த ஊரை உறக்கத்திலேயே கடந்திருப்பார்கள். தெலுங்கும் தமிழும் ஒரே முற்றத்தில் புழங்குகின்ற ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், அங்குள்ள அன்பர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கத்திற்குச் சென்றிருந்தேன். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசி முடித்து, அனைவருக்கும் பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"சுவாமிஜி, இவனுக்கு நீங்கள்தான் நல்ல புத்தி சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிவரை விளக்கை அணைப்பதில்லை. காலை எட்டரைக்கு முன் எழுவதில்லை. மலையில் திருப்பாவை சொல்லிப் பெருமாளையே எழுப்பியாகிவிட்டது, இவன் இன்னும் போர்வைக்குள் கிடக்கிறான். இவன் மாமா இவனைக் கும்பகர்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்."

மாமா சற்றுத் தள்ளி நின்று தலையசைத்தார். மகனுக்கு இருபது வயதிருக்கும். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. வழக்கமாகச் சொல்லும் இரண்டொரு வார்த்தைகளைச் சொல்லி அனுப்பினேன். அவை வழக்கமான வார்த்தைகள் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது; அவனுக்கும் தெரிந்திருக்கும்.

இரவு உணவுக்குப் பின் மொட்டைமாடியில் நான் தனித்திருந்தபோது அவனே வந்தான். "சுவாமிஜி, சிறு வயதிலிருந்து தினமும் ஜபம் செய்துவந்தேன். இப்போது ஒரு வருடமாக விட்டுவிட்டேன்" என்றான். காரணம் கேட்டேன். "அதிகாலையில் எழாதவன் தமோகுணத்தில் மூழ்கியவன், அவனுடைய சாதனை பலிக்காது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். நாற்பது நாட்கள் நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். கண் எரிந்தது, தலை சுற்றியது. உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தேன். இது எனக்கு விதிக்கப்பட்டதில்லை என்று நிறுத்திவிட்டேன்."

எந்தப் புத்தகம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். அன்பர்களே, அது நான் தமிழாக்கம் செய்த நூல்.

அதற்குமேல் ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த நூலை நான் மொழிபெயர்த்தது பெரும்பாலும் இரவு பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில். தத்துவத்தில் முதுகலை பயின்ற நாட்களிலிருந்தே என் அறிவு விழித்துக்கொள்வது விளக்கு வைத்த பிறகுதான். பிரம்மசாரியாக இருந்த முதல் சில ஆண்டுகளில், அதிகாலைத் தியானத்தில் என் தலை பலமுறை முன்னால் இருந்தவரின் முதுகில் மோதியிருக்கிறது. அப்படிப்பட்டவன், நள்ளிரவில் உட்கார்ந்துகொண்டு, இரவில் விழித்திருப்பவனைப் பழிக்கும் வாக்கியத்தை மெருகேற்றியிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மூலநூலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பகுதி வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயத்தைத் துணைக்கு அழைக்கிறது. அந்த ஆயுர்வேத நூலில் தினசரி ஒழுக்கத்தைக் கூறும் அத்தியாயம் பிரம்ம முகூர்த்தத்தில் எழுவதிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். சூரிய உதயத்திற்கு இரண்டு முகூர்த்தங்களுக்கு முன், அதாவது 96 நிமிடங்களுக்கு முன், பிரம்ம முகூர்த்தம் தொடங்குகிறது. ஆனால் வாக்படர் அந்த விதியை யாருக்குச் சொல்கிறார்? 'ஸ்வஸ்தன்' என்ற ஒரு சொல்லை அங்கே வைத்திருக்கிறார்: உடல்நலத்தோடு, தன் நிலையில் தான் நிற்பவன். எழுந்தவுடன் தன் உடலின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும் என்றும் உடனே சேர்த்துக்கொள்கிறார். மூலநூலாசிரியர் அந்தச் சொல்லை விடாமல் எடுத்தாண்டிருந்தார். நான்தான் வாக்கியம் நடை தடுக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, 'ஒவ்வொருவரும்' என்று எழுதியிருந்தேன். ஒரு சொல் போயிற்று. பாகாலாவில் ஒருவனுடைய ஜபமாலை பெட்டிக்குள் போயிற்று.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இந்தக் குற்றவுணர்வோடுதான், சிலர் காலையிலும் சிலர் இரவிலும் மலர்வது ஏன் என்பதைப் பற்றிச் சிறிது படிக்கத் தொடங்கினேன். செய்தி பழையது. அலெக்சாண்டரின் படையில் வந்த ஆண்ட்ரோஸ்தெனிஸ் என்பவர், பாரசீக வளைகுடாவின் தீவொன்றில் புளியமரத்தின் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்புவதைக் குறித்துவைத்தார். சித்தூர்ச் சீமையில் புளியமரத்தடியில் படுத்தெழுந்த எவருக்கும் அது புதிய செய்தியன்று. தூங்குமூஞ்சி மரம் என்று ஒரு மரத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம். 1729இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த தெ மைரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருளில் அடைத்துவைத்தார். வெயிலே படாமல் இருந்தும் அதன் இலைகள் பகல்வேளையில் விரிந்தன. கடிகாரம் வானத்தில் மட்டும் இல்லை, செடிக்குள்ளும் இருக்கிறது என்பதற்கு அது முதல் சான்று. அந்தக் கடிகாரத்தின் மூலக்கூற்று இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதனின் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை. 1999இல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி அதன் சராசரி 24 மணி 11 நிமிடம். ஒருவருக்குச் சற்றுக் குறைவு, ஒருவருக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் ஒளிதான் அதைத் திருத்தி வைக்கிறது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறவர், பொதுவாக, இரவில் தாமதமாக உறங்குகிறவராக இருக்கிறார். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து, காலை விழிப்புடன் தொடர்புடைய 351 இடங்களை மரபணுத்தொகுதியில் கண்டது. வயதும் இதில் சேர்கிறது. குழந்தை அதிகாலையில் எழுந்து வீட்டையே எழுப்புகிறது. பதின்ம வயதில் உறக்கம் பின்னுக்குத் தள்ளிப்போய், இருபது வயதையொட்டி உச்சத்தை அடைகிறது. அதன்பின் சிறிது சிறிதாக முன்னே வருகிறது. ஐம்பதைக் கடந்த தந்தை இருபது வயது மகனைப் பார்த்து, "நான் தானாகவே நான்கு மணிக்கு விழித்துக்கொள்கிறேன்" என்று சொல்வதில் தவத்தின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று அவரே யோசித்துக்கொள்ளலாம். எனக்கும் நாற்பதைக் கடந்த பிறகு அதிகாலைத் தியானம் எளிதாகியிருக்கிறது. நான் அதை நெடுநாள் சாதனையின் பலன் என்று எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

காலையில் எழுகிறவர் நல்லவரா?

அந்த இளைஞனை வாட்டிய கேள்வி இதுதான். ஆய்வுகள் இதற்குச் சாதகமாகச் சொல்வனவும் உண்டு, மறைப்பதற்கில்லை. காலையில் மலர்கிறவர்களிடம் கடமையுணர்வும் ஒழுங்கும் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன. இரவில் மலர்கிறவர்களிடம் மனச்சோர்வு அதிகம் பதிவாகியிருக்கிறது. இவை பெருந்திரளான மக்களின் சராசரிகள். குணத்திற்கும் நேரத்திற்கும் உள்ள தொடர்பு வலுவானது என்று சொல்லிவிட முடியாது. நம் முன் நிற்கும் ஒருவனைப் பற்றி அவை தீர்ப்பு வழங்குவதுமில்லை.

2021இல் பிரிட்டனைச் சேர்ந்த பெருந்தொகையானவர்களின் தகவல்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்னும் சற்று ஆழமாகச் சென்றது. எவருடைய உறக்க நேரம் வேலைநாளுக்கும் ஓய்வுநாளுக்கும் இடையே மிகவும் மாறுபட்டு, தம் உட்கடிகாரத்தோடு பொருந்தாமல் இருக்கிறதோ, அவர்களிடமே மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாகத் தென்பட்டன. உலகம் காலை நேரத்துக்கேற்ப அமைந்திருக்கிறது. பள்ளியும் அலுவலகமும் காலையில் மலர்கிறவருக்கு வசதியாக மணியடிக்கின்றன. மற்றவர் ஐந்து நாட்கள் பாதி உறக்கத்தில் நடந்து, ஞாயிறன்று கடனை அடைக்கிறார். வாரந்தோறும் ஒரு வெளிநாடு சென்று திரும்புவதைப் போன்றது இது. அவருடைய வாட்டத்தில் எவ்வளவு அவருடைய குணத்தால் வந்தது, எவ்வளவு இந்தப் பொருத்தமின்மையால் வந்தது என்று பார்க்காமல் 'தாமஸன்' என்று முத்திரை குத்துவது அவசரம்.

தத்துவ மாணவனாக இருந்தவனுக்கு இங்கே இருவர் நினைவுக்கு வருவது இயல்பு. இம்மானுவேல் கான்ட்டை அவருடைய பணியாளர் லாம்பே நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார். (நான் இரவெல்லாம் கண்விழித்துப் படித்தது அவருடைய நூலைத்தான்.) ரெனே டெகார்ட்டோ பள்ளி நாட்களிலிருந்தே முற்பகல் வரை படுக்கையில் கிடந்தபடி சிந்தித்தவர். 1649இல் சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்டினாவின் அழைப்பை ஏற்று ஸ்டாக்ஹோம் சென்றார். அரசிக்குக் காலை ஐந்து மணிக்குப் பாடம் வேண்டியிருந்தது. கடுங்குளிரில் அந்த நேரத்திற்கு அரண்மனைக்குச் சென்றுவந்தவர், 1650 பிப்ரவரியில் நிமோனியாவால் இறந்தார். அதிகாலைதான் அவரைக் கொன்றது என்று சொல்வது மிகை. ஆனாலும், இந்த இருவரில் ஒருவரை ஸாத்விகர் என்றும் மற்றவரைத் தாமஸர் என்றும் பிரிக்க என் மனம் ஒப்பவில்லை.

ஸத்வம், ரஜஸ், தமஸ் என்பவை மனத்தின் இயல்புகள். தெளிவு, வேகம், மந்தம் ஆகிய மூன்றும் ஒவ்வொருவருக்குள்ளும் நாள்தோறும் வந்துபோகின்றன. நான்கு மணிக்கு எழுந்து, எழாதவர்களை எண்ணி எண்ணி இகழ்கிறவனிடம் அந்த நேரத்தில் ஓங்கி நிற்பது எந்தக் குணம்? எல்லா உயிர்களுக்கும் இரவாக இருப்பதில் யோகி விழித்திருக்கிறான் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறுவது சுவர்க்கடிகாரத்தைப் பற்றியது அன்று. ஆன்மாவைப் பற்றிய விழிப்பே அங்கு பேசப்படுகிறது. ஆறாம் அத்தியாயத்திலோ மிகுதியாக உறங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, மிகுதியாக விழித்திருப்பவனுக்கும் இல்லை என்று பகவான் இரண்டு பக்கமும் அணை கட்டிவிடுகிறார். உறக்கமும் விழிப்பும் 'யுக்தமாக', பொருத்தமாக, இருக்க வேண்டும் என்பதே அங்கு கேட்கப்படுவது. மணி எத்தனை என்று அங்கே இல்லை. அன்று பாகாலாவில் இந்த ஸ்லோகங்களைத்தான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தேன் என்பதை எண்ணும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

குகையும் கூட்டமும்

இவ்வளவும் சொன்னதால், "என் மரபணு இப்படி" என்று போர்வையை இழுத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டதாக எவரும் கொள்ள வேண்டாம். இதன் மறுபக்கத்தை எனக்குக் காட்டியது நம் மதுரையில் நடந்த ஆராய்ச்சி.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எம். கே. சந்திரசேகரன், காலவுயிரியல் துறையை நம் நாட்டில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர். ஜெர்மனியின் டூபிங்கனில் எர்வின் பியூனிங்கிடம் ஆய்வு பழகித் திரும்பியவர். மனிதர்கள் கடிகாரமும் சூரியனும் இன்றித் தனித்துத் தங்கிச் சோதனைக்கு உட்படும் அறை ஒன்றையும் அங்கே அமைத்தார். அவரும் மாணவர்களும் மதுரைக்கு அருகிலுள்ள குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் உட்புறத்தில் இரவும் பகலும் ஒரே இருள். அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதற்கு அந்தி தெரியாது, விடியல் தெரியாது. இருந்தும் அதன் சுறுசுறுப்பு வெளியுலக நாளோடு ஒத்தே இருந்தது. எப்படி? அதே குகையில் வாழும் அதன் இனத்து வௌவால்கள் மாலையில் வெளியே பறப்பதும் விடியலில் திரும்புவதும் அதற்குக் காலம் காட்டின. அந்தக் கூட்டம் இல்லாத குகையில் வைக்கப்பட்ட வௌவாலோ தன் உட்கடிகாரத்தின் போக்கில் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. இந்த ஆய்வு 1981இல் வெளிவந்தது.

சத்சங்கத்தின் பெருமையைப் பற்றி நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். கூண்டுக்குள் இருந்த அந்த வௌவாலைப் போல் அதை எனக்கு விளக்கியவர் இல்லை.

திருப்பாவையை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று புலப்படும். முப்பது பாசுரங்களில் பத்துப் பாசுரங்கள், ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை, உறங்குகின்ற தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. எழுந்தவர்கள் நேரமாயிற்று என்று நீராடப் போய்விடவில்லை. வீடு வீடாக நின்று, கேலி பேசி, கெஞ்சி, எல்லாரையும் சேர்த்துக்கொண்டே புறப்படுகிறார்கள். உறங்குகின்றவர்களை வைணவ உரையாசிரியர்கள் சோம்பேறிகள் என்று ஒதுக்கவுமில்லை. கண்ணனை எண்ணித் தம்மை மறந்து கிடக்கும் பெரும் பக்தைகள் என்றே கொண்டாடுகிறார்கள். அந்தத் தாய் திருப்பாவையைச் சொல்லி மகனைக் கடிந்தார். வாசலில் நின்று அழைக்கும் தோழியின் குரல் அந்த வீட்டில் இல்லை. இருந்தது கும்பகர்ணன் என்ற பட்டம்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கொலராடோவில் எட்டுப் பேர் மின்விளக்கும் கைப்பேசியும் இன்றி ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரமிட்டுத் தங்கினார்கள். அவர்களுடைய உட்கடிகாரங்கள் சுமார் இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்தன. மிகவும் பிந்தி உறங்கும் பழக்கமுடையவர்களே அதிகம் நகர்ந்தார்கள். ஆகவே இரவு மனிதர்களாகிய நம்முள் ஒரு பகுதி பிறப்பால் வந்தது, ஒரு பகுதி கையிலிருக்கும் ஒளித்திரையால் வந்தது. முன்னதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பின்னதைப் பிறவிக்குணம் என்று சொல்லித் தப்பவும் முடியாது.

ஏகாந்த சேவை

பாகாலாவிலிருந்து சிறிது தொலைவில் உள்ள திருமலையில், நாள் சுப்ரபாதத்தோடு தொடங்குகிறது என்பதை உலகமே அறியும். பிரதிவாதி பயங்கரம் அண்ணா இயற்றிய அந்தத் துதி வானொலியிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்து ஒலித்து, நமக்குத் திருமலை என்றாலே அதிகாலை. ஆனால் அதே சந்நிதியில் நாளின் கடைசி வழிபாடு ஏகாந்த சேவை. இரவு நெடுநேரம் கழித்து, போக ஸ்ரீநிவாஸ மூர்த்தியை ஊஞ்சல் கட்டிலில் பள்ளிகொள்ளச் செய்கிறார்கள். தாள்ளப்பாக்க அன்னமாசாரியாரின் வழித்தோன்றல் தாலாட்டுப் பாடுகிறார். அப்போது காட்டப்படும் முத்து ஆரத்தி தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரால் நடைபெறுவது. முன்னாள் சித்தூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரான தரிகொண்டாவில் 1730இல் பிறந்து, இளமையில் கணவரை இழந்து, ஊராரின் பழிச்சொல்லுக்கு ஆளாகி, திருமலை சேர்ந்த பெண்மணி அவர். பெருமாளை எழுப்பும் பேறு அவருக்கு வாய்த்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஊரெல்லாம் உறங்கிய பின், கடைசி விளக்கு அவருடையது. ஏகாந்த சேவைக்கும் சுப்ரபாதத்திற்கும் இடையே சில மணி நேரமே இருக்கிறது.

காலைச் சந்தியைப் போலவே மாலைச் சந்தியையும் நம் மரபு வழிபாட்டிற்கு வைத்திருக்கிறது. பாகாலாவில் பிரியும் அந்தத் தர்மாவரம் பாதையில்தான் மதனப்பள்ளி ரோடு நிலையம் இருக்கிறது. மதனப்பள்ளியை அடுத்து, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளியில், மாணவர்கள் மாலையில் ஓரிடத்தில் கூடி, சூரியன் மறைவதைப் பார்த்தபடி பேசாமல் அமர்ந்திருப்பார்கள். 'அஸ்தாசல்' என்று அதற்குப் பெயர். பதின்ம வயதினருக்கு இப்படியொரு வேளையை அமைத்தவர்களின் விவேகத்தை நான் மெச்சுகிறேன்.

மறுநாள் காலை

பாகாலாவில் அன்றிரவு இவ்வளவும் எனக்குத் தெரியாது. அந்த நூலை மொழிபெயர்த்தவன் நான்தான் என்று அவனிடம் சொன்னேன். நானும் இரவில் எழுதுகிறவன் என்றும் சொன்னேன். அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன் பத்து நிமிடம் ஜபம் செய்யும்படியும், பதினொன்றுக்கு மேல் கைப்பேசியை வேறு அறையில் வைக்கும்படியும், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாலும் எழுந்தவுடன் வெயிலில் சிறிது நடக்கும்படியும் மட்டும் சொன்னேன். மூன்றாவதை ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. ஆசிரமத்தில் எங்களைப் பூப்பறிக்க அனுப்பிய முதியவரின் நினைவாக இருக்கலாம்.

காலையில் ரயில் நிலையத்திற்கு என்னை அழைத்துவந்தவர் அந்த மாமா. ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது வழியில்தான் தெரிந்தது. பணிக்காலத்தில் பாதிக்குமேல் இரவு முறை. "அப்போது எத்தனை மணிக்கு எழுவீர்கள்?" என்று கேட்டேன்.

"பகலில்தானே தூக்கம், சாமி. பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும்" என்றவர் சட்டென்று நிறுத்தினார். ரயில் வரும் வரை இருவரும் நடைமேடையில் நின்றோம். சிறிது நேரம் கழித்து அவராகவே, "ராத்திரி ரெண்டு வண்டிக்கு நடுவில் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருப்பேன். தூக்கம் வராமல் இருக்கத்தான் ஆரம்பித்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது" என்றார்.

அந்த நூலின் மறுபதிப்பில் 'ஒவ்வொருவரும்' என்ற சொல் நீக்கப்பட்டு, 'உடல்நலம் வாய்க்கப்பெற்றவர்' என்று திருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பிரதியைப் பாகாலாவிற்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'ஜபம் முடிந்தது, படிக்க உட்காருகிறேன்' என்று அதில் ஒரு வரி. வந்த நேரம் இரவு 10.14. நான் விழித்துத்தான் இருந்தேன்.